டாக்டருக்குத் தெரியாமல் மருந்து சாப்பிடுவது எப்படி?

செம்பரம்பாக்கம் வட்டாரத்து முடக்குவாதக்காரர்களுக்கான செய்முறைக் கையேடு

காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. காபி டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. பூத்தொடுக்க உட்கார்ந்தால் நார் நழுவுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ். மூட்டுவாத டாக்டர் பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் ஆசிட், இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையோடு வரச்சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வாழ்த்துகள். ஃபிரிட்ஜ் மேல் தைலம், அடுப்பு மேடையில் கஷாயப் பொடி, பீரோவில் சேலைக்கு அடியில் கூரியரில் வந்த பொட்டலம் என்று நீங்களும் தயாராகத்தான் இருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடவும் தொடங்கிவிட்டீர்கள். ஆனால் அரைகுறையாகச் செய்கிறீர்கள். எந்தக் காரியத்தையும் முறையாகச் செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் பின்பற்றுங்கள்.

படி 1: நோய்க்கு வேறு பெயர் வையுங்கள்

டாக்டர் சொன்ன பெயரை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். தேய்மானம் என்று சொல்லுங்கள். வயதாகிறது என்று சொல்லுங்கள். உங்களுக்கு 34 வயதுதான் என்றாலும் பரவாயில்லை. "ஏரிக்கரை வீடு, மார்கழிப் பனி, ஈரக்காத்து, அதான்" என்று சொல்லிப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தில் மறுத்துப் பேச ஓர் ஆள் கிடைக்கமாட்டார்.

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிற நோய் இது, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவது, எலும்பை அரிக்கும் வேலையைப் பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே தொடங்கிவிடுவது என்ற விவரமெல்லாம் உங்களுக்கு எதற்கு? முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகமாம். அந்த மாதங்களை அப்படியே தைலத்துக்கு ஒதுக்குங்கள். "மொதல்ல நம்ம வைத்தியம் பாப்போம், சரியாகலன்னா டாக்டர்கிட்ட போலாம்." சரியாகவில்லை என்று ஊர்ஜிதமாக ஒரு வருடம் ஆகும். எலும்புக்கு அது தாராளமான அவகாசம்.

படி 2: இரண்டு பை வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு பையில் இங்கிலீஷ் மருந்து, இன்னொன்றில் நாட்டு மருந்து. பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல் பை, வைத்தியரிடம் இரண்டாவது பை. மாற்றி எடுத்துப் போய்விடாதீர்கள்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டால், "இல்ல சார்" என்று பட்டென்று சொல்லுங்கள். இது பொய்யாகாது. கஷாயம் மருந்தே அல்ல, அது மூலிகை. பொடி உணவு. தைலம் வெளிப்பூச்சு. லேகியம் தீபாவளிக்குச் சாப்பிடுவதுதானே? இப்படிக் கழித்துக்கொண்டே போனால் நீங்கள் சாப்பிடும் மருந்து ஒன்றுமே இல்லை என்று உங்களுக்கே தெளிவாகும்.

வைத்தியர் ஐயாவிடமும் இதே நேர்மை. மெத்தோட்ரெக்சேட் பற்றி மூச்சு விடாதீர்கள். அவர் நாடி பார்த்தே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

டாக்டரும் உங்களுக்கு ஒத்துழைப்பார், கவலை வேண்டாம். ஒரு முறை உண்மையைச் சொல்லி, "அப்ப அங்கயே போய் பாத்துக்கோங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஊரில் நிறைய உண்டு. அதற்குப் பிறகு அவர்கள் வாயைத் திறப்பதில்லை. ஓ.பி.யில் உங்களுக்கு விழும் இரண்டு நிமிடத்தில் அவர் பொடியின் பெயரைக் கேட்பதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும்.

படி 3: லேபிள் உள்ள எதையும் தொடாதீர்கள்

உரிமம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருந்தின் பாட்டிலில் உரிம எண், சேர்மானப் பட்டியல், தயாரிப்புத் தேதி, காலாவதி தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். இவ்வளவு சொல்பவர்களை நம்ப முடியுமா? பெயரில்லாத பாலித்தீன் பொட்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். "பரம்பரை ரகசியம்" என்ற ஒரு தகுதி போதும்.

நல்ல பொடியைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: இரண்டே நாளில் வலி பறந்துவிட வேண்டும். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. இடித்துக் கலந்த ஸ்டீராய்டு மாத்திரை செய்யும். பெயரில்லாப் பொடிகளைப் பரிசோதித்தபோது ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் அகப்பட்டது இந்தியாவில் பல முறை நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948ஆம் ஆண்டு பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், படுக்கையோடு கிடந்த ஒரு முடக்குவாதப் பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அதிசயத்தைத்தான் நீங்கள் கூரியர் செலவு சேர்த்துச் சில நூறு ரூபாயில் வாங்குகிறீர்கள். அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே பிறகு கற்றுக்கொண்டதை மட்டும் பொட்டலத்தோடு அனுப்பமாட்டார்கள். பசி கூடும், முகம் உருண்டையாகும். எதிர்வீட்டு அக்கா "நல்லா தேறிட்டியே" என்பார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். எலும்பு உள்ளுக்குள் மெலியும்.

அடுத்த பொட்டலம் வரத் தாமதமானால் இன்னும் விசேஷம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உங்கள் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கியிருக்கும். பொடி திடீரென்று நின்றால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவு. அவசரப் பிரிவில் டாக்டர் காரணம் தேடித் தவிப்பார். படி 2ஐ நீங்கள் சரியாகச் செய்திருந்தால், அவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

படி 4: பஸ்பத்தை ஸ்பூனில் அளந்து சாப்பிடுங்கள்

சித்த மருத்துவத்தில் பஸ்பம், செந்தூரம் என்றால் சுத்தி முறை உண்டு, அரிசி எடைக் கணக்கில் அளவு உண்டு, அனுபானம் உண்டு, பத்தியம் உண்டு, இத்தனை நாள் என்ற வரையறை உண்டு. இதெல்லாம் வைத்தியருக்கு. நீங்கள் ஒரு மண்டலத்துக்குக் கொடுத்ததை ஒரு வருடம் நீட்டுங்கள். அவர் ஊரில் இல்லையென்றால் அதே நிறத்தில் வேறெங்காவது வாங்குங்கள்.

பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்தில் ஒன்று. அவ்வளவும் லேபிள் ஒட்டி விற்றவை. உங்கள் பொட்டலத்தை யாரும் சோதிக்கவில்லை, ஆகவே அதன் மேல் எந்தப் புகாரும் இல்லை.

ஈயம் சேர்ந்தால் ரத்தசோகை வரும். முடக்குவாதத்திலும் ரத்தசோகை வரும். டாக்டர் இரண்டாவது காரணத்தை எழுதிக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார். மூன்றாவது பை வாங்க வேண்டியிருக்கலாம்.

படி 5: மாத்திரையைப் பத்தியத்தோடு பிணையுங்கள்

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுவது. எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்து வைப்பவர்கள் தைரியம் இல்லாதவர்கள். நீங்கள் "சூடு" என்று தோன்றும் வாரம் விட்டுவிடுங்கள். வைத்தியர் பத்தியம் சொன்னால் நாலு வாரம் விட்டுவிடுங்கள். பத்தியம் முடிந்த அன்று வலி தாங்கவில்லையா? விட்டதையெல்லாம் சேர்த்து விழுங்கலாம், தினம் ஒன்றாகவும் போடலாம். வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் சரியும், காய்ச்சல் பிடிக்கும். வாரத்துக்கு ஒன்றை நாளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உலகெங்கும் உண்டு.

நடுவே இது "கேன்சர் மருந்து" என்று வாட்ஸ்அப்பில் வரும். உடனே நிறுத்துங்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, உங்களுக்கு எழுதியிருக்கும் அளவு அதில் சிறு பங்கு என்று யாராவது விளக்கினால், அவர் மருந்துக் கம்பெனி ஆள்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையையும் மறக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் உடம்பை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. வலி மாத்திரை அந்தச் சிறுநீரகத்தைச் சோர்வாக்கும். மருந்து உள்ளேயே தங்கும். பொடியிலும் வலி மாத்திரை கலந்திருந்தால் இரட்டைப் பலன்.

படி 6: ரத்தப் பரிசோதனையைத் தவிர்த்துவிடுங்கள்

ஐப்பசி பிறந்தால் நீர்வளத் துறை ஊழியர்கள் நம் ஏரியின் அளவைத் தினம் குறிக்கிறார்கள். 24 அடி ஏரியில் இன்று எத்தனை அடி என்று பேப்பரில் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர், அதனால் நாமும் விடாமல் படிக்கிறோம். ஏரிக்கு அது சரி. உங்கள் கல்லீரலுக்கு அளவுகோல் எதற்கு? மஞ்சள் காமாலை வந்தால் கண்ணாடியிலேயே தெரிந்துவிடும்.

ஒரே நேரத்தில் பலவற்றைத் தொடங்குவதுதான் இங்கே நுட்பம். சீந்தில் பொடி, அமுக்கரா சூரணம், மஞ்சள் மாத்திரை, ஓர் அரிஷ்டம், அதோடு "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" கஷாயம் ஒன்று. உங்கள் எதிர்ப்புச் சக்திதான் ஏற்கெனவே கூடுதலாக வேலை பார்த்து விரலைத் தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு ஊட்டம் கொடுங்கள். டாக்டர் மது கூடாது என்றாரா? அரிஷ்டத்தில் நொதித்து உண்டாகும் ஆல்கஹால் இருப்பது அவருக்கும் உங்களுக்கும் தெரிய வேண்டாம்.

கொரோனாக் காலத்தில் சீந்தில் குடித்து, எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோயைப் போன்ற பாதிப்போடு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. வேறு கொடியைச் சீந்தில் என்று நினைத்துக் குடித்திருக்கலாம் என்றது. நீங்கள் வாங்கிய பொடி எந்தக் கொடி என்று கடைக்காரரிடம் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

என்றைக்காவது மாட்டிக்கொண்டு ரத்தம் கொடுத்தீர்கள், கல்லீரல் என்சைம் மூன்று மடங்கு ஏறியிருக்கிறது என்று வையுங்கள். டாக்டருக்குத் தெரிந்தது ஒரே மருந்து. அதை நிறுத்துவார். ஆறில் எது குற்றவாளி என்று தெரியாமலே, மூட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒன்றை வெளியேற்றிவிட்டீர்கள். "இங்கிலீஷ் மருந்து ஈரலைக் கெடுத்துடும்னு அப்பவே சொன்னேன்" என்று மாமியார் சொல்வதற்கு ஆதாரமும் கையில்.

படி 7: கணக்கைச் சரியாக எழுதுங்கள்

மெத்தோட்ரெக்சேட் வேலையைக் காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஆகவே ஏழாவது வாரம் பொடி வாங்குங்கள். எட்டாவது வாரம் வலி குறையும். பொடிதான் காரணம், தேதி பொருந்துகிறதே! வரவெல்லாம் பொடிக்கு, செலவெல்லாம் மாத்திரைக்கு. முடி கொட்டினால் மாத்திரை, தூக்கம் வந்தால் பொடி.

முடக்குவாதம் தானாகவே ஏறி இறங்கும் நோய் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வலி இறங்கிய வாரம் மாத்திரையை நிறுத்துங்கள். அதன் மிச்ச வேகத்தில் சில வாரம் நன்றாகவே போகும். அந்தச் சில வாரத்துக்குள் அடுத்த படியை முடித்துவிட வேண்டும்.

படி 8: ஊருக்கு உபகாரம் செய்யுங்கள்

பூந்தமல்லி பஸ்ஸில், மாங்காடு அம்மன் கோயில் வரிசையில், குன்றத்தூர் மலைப்படி ஏற முடியாமல் உட்கார்ந்திருப்பவரிடத்தில் உங்கள் பொடியின் பெருமையைச் சொல்லுங்கள். மூட்டு வலி என்றால் எல்லாம் ஒன்றுதான். முழங்கால் தேய்ந்த பாட்டிக்கும், யூரிக் ஆசிட் ஏறி கட்டைவிரல் வீங்கிய சித்தப்பாவுக்கும், உங்களுக்கும் ஒரே பொட்டலம் போதும். கொஞ்சம் கிள்ளிக் கொடுங்கள்.

தாராள மனசு இருந்தால் மாத்திரை அட்டையையும் பகிருங்கள். "எனக்கும் கை வலிக்குதுக்கா" என்று ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரிக்குப் போகிற, புதிதாகக் கல்யாணமான தங்கை கேட்டால் இரண்டு கிழித்துக் கொடுங்கள். மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும், குழந்தை ஊனமாகப் பிறக்கச் செய்யும் என்பது அட்டையின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்தானே இருக்கிறது.

படி 9: "நிரந்தரத் தீர்வு" என்ற சுவரொட்டியை நம்புங்கள்

மருந்து மற்றும் மந்திர சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டம் 1954இலேயே வந்துவிட்டது. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் 54 பெயர் கொண்ட அட்டவணை இருக்கிறது. வாதமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே நெடுஞ்சாலைக் கம்பத்தில் "முடக்குவாதம் 90 நாளில் முற்றிலும் குணம்" என்று ஒட்டியிருப்பவர் சிறைக்கும் துணிந்தவர். அத்தனை துணிச்சல்காரரிடம் உடம்பை ஒப்படைக்காமல் யாரிடம் ஒப்படைப்பது? ஃபோன் நம்பரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், முகவரி இருக்காது.

படி 10: கோயம்புத்தூர் ஆய்வை அரைவரி மட்டும் படியுங்கள்

இது மேம்பட்ட மாணவர்களுக்கு. இந்திய ஆயுர்வேத மருத்துவர்களும் அமெரிக்க மூட்டுவாத நிபுணர்களும் சேர்ந்து கோயம்புத்தூரில் முடக்குவாதக்காரர்கள் 43 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 36 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு மெத்தோட்ரெக்சேட்டும் போலி ஆயுர்வேத மருந்தும். ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்தும் போலி மெத்தோட்ரெக்சேட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டுமே நிஜம். யாருக்கு எது என்பது மருந்து கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. 2011இல் முடிவு வெளியானது: மூன்று குழுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தென்படவில்லை.

இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு, "ஆயுர்வேதமும் இங்கிலீஷ் மருந்தும் சமம், அமெரிக்காவே ஒத்துக்கொண்டது" என்று குடும்ப குரூப்பில் போடுங்கள். அடுத்த வரிக்குப் போனால் ஆபத்து. இது முன்னோட்ட ஆய்வு, 43 பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, பெரிய ஆய்வு வேண்டும் என்று அதை நடத்தியவர்களே சொன்னது அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களை இரண்டு பக்க மருத்துவர்களும் சேர்ந்தே கண்காணித்தார்கள், யாருக்கு என்ன போனது என்பது ஏட்டில் இருந்தது என்ற விஷயமும் அங்கேதான். பீரோவில் சேலைக்கு அடியில் எதுவும் இல்லை.

திட்டத்தைக் கெடுக்கக்கூடிய செயல்கள்

சில பலவீனமான தருணங்களில் கீழ்க்கண்டவற்றைச் செய்யத் தோன்றலாம். எச்சரிக்கைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

வீட்டில் இருக்கும் மாத்திரை, பாட்டில், பொடி, பொட்டலம் அனைத்தையும் ஒரே மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போய் டாக்டரின் மேசையில் கொட்டுவது. ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது. லேபிள் இல்லாததை அங்கேயே கேட்டுவிட்டு ஒதுக்குவது. அது ஸ்டீராய்டாக இருக்கலாம் என்பதால் நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் ஒரே நாளில் நிறுத்தாமல், எப்படிக் குறைப்பது என்று கேட்பது. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ போய், படித்த சித்த மருத்துவரிடம் மெத்தோட்ரெக்சேட் அட்டையைக் காட்டுவது. அவர்கள் இந்த நோயை வளி அழல் கீல்வாயு என்ற பெயரில் அறிந்தவர்கள். அட்டையைக் கண்டு மிரளமாட்டார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பணம் இல்லை என்ற சாக்கையும் இழப்பது.

இதையெல்லாம் செய்தால், முடக்கத்தான் தோசையைத் தொடரச் சொல்வார்கள். வலிக்கிற கைக்குச் சூடு பறக்கத் தைலம் தேய்ப்பதையும் அநேகமாக யாரும் தடுக்கமாட்டார்கள். போனால் போவது ஒன்றிரண்டு பொட்டலம்தான்.

திட்டு விழுமே என்கிறீர்களா? விழலாம். டாக்டரின் திட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அரித்துப்போன எலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து அவர் கையிலும் இல்லை, வைத்தியர் கையிலும் இல்லை, கூரியரிலும் வராது.